மிச்சம் ரெண்டு சக்கரமும் கூட வரும்

விலை ஏறுகிற பொருளைக் கண்டால் எனக்கு அதன்மேல் தானாகவே ஒரு மரியாதை வந்துவிடும். அது இருக்கிற கடைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகலாமா என்றுகூடத் தோன்றும். இறங்குகிற பொருளை நான் மதிப்பதே இல்லை. இப்படிப்பட்ட குணத்தைக் கொடுத்த கடவுள், என்னைத் தேயிலைத் தோட்டக்காரனாக வேறு பிறக்க வைத்தார். எங்கள் மஞ்சூர்ப் பக்கத்தில் ஏறுவது மூடுபனியும் ஜீப் விலையும்தான். பச்சை இலைக்கு விலை ஏறிவிட்டது என்று யாராவது சொன்னால், முதலில் அவர் பக்கத்தில் போய் முகர்ந்து பார்ப்போம்.

ஜீப் என்று நான் சொல்வது புது ஜீப்பை. பழைய ஜீப்புகள் எங்கள் ஊரில் ஒவ்வொரு வளைவிலும் நிற்கும். கோழி அதன் சீட்டில் முட்டையிடும். புது ஜீப் அப்படியல்ல. கோயம்புத்தூரில் கண்ணாடி மாளிகைக்குள், சிமெண்டில் செய்த பாறைமேல் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும். (நாய் தூக்குகிற காரணத்துக்காக அல்ல. பலத்தைக் காட்டுவதற்காக.)

அப்போது நான் ஒரு எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். தினமும் காலையில் மேனேஜர் ஜீப்பிலிருந்து இறங்குவார், நான் டூவீலரிலிருந்து இறங்குவேன். ஆபீஸ் நாய் அவரைப் பார்த்து வாலை ஆட்டும், என்னைப் பார்த்துக் குரைக்கும். அந்த நாயின் அபிப்பிராயத்தை மாற்ற வேண்டும் என்ற எண்ணம் எனக்குள் நெடுநாளாக இருந்தது.

என் மனைவி பூங்கொடிக்கு ஜீப் தேவைப்பட்டது. எனக்கு ஜீப்மேல் ஆசை இருந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற பள்ளத்தில்தான் நான் விழுந்தேன்.

எங்கள் தேயிலைக் காடு ரோட்டிலிருந்து கீழே ஓடைவரை சரிந்து கிடக்கிறது. அக்கம்பக்கத்துக் காடுகளும் அப்படித்தான். பறித்த இலையைப் பெண்கள் வலைப்பையில் நிரப்பி, தலையில் வைத்து, வழுக்கும் மண் தடத்தில் மேலே சுமந்து வருவார்கள். மேலே ரோட்டில் தராசோடும் பழைய ஜீப்போடும் என் மச்சான் ராசு நிற்பார். பூங்கொடியின் அண்ணன். எங்கள் ஊருக்கு அவர்தான் இலை ஏஜெண்ட். எடை போட்டு வாங்கி ஃபேக்டரிக்குக் கொடுப்பார். மழை பெய்தால் ஈரத்துக்குக் கழிப்பார், வெயில் அடித்தால் பையின் எடைக்குக் கழிப்பார். மற்றவர்களுக்குக் கொடுப்பதைவிடத் தங்கைக்குக் கொஞ்சம் குறைத்துத்தான் கொடுப்பார். கேட்டால், "வெளியாளுகிட்டயா உரிமை எடுக்க முடியும்?" என்பார்.

பூங்கொடி ஒருநாள் யாரிடமும் சொல்லாமல், பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு ஃபேக்டரிக்கு நேராகப் போய்ப் பேசிவிட்டு வந்தாள். அவளும் பக்கத்துக் காட்டுப் பெண்களும் சேர்ந்து, கையால் கிள்ளிய நல்ல இலையை நேரடியாகக் கொண்டுவந்தால் எடுத்துக்கொள்வதாக அவர்கள் சொன்னார்கள். ஏஜெண்ட் தருவதைவிட நல்ல விலை. ஆனால் முதலில் ஒரு சோதனை லோடு. சாயங்காலம் கேட் சாத்துவதற்குள் வந்து சேர வேண்டும். அமுக்கித் திணித்துச் சூடேறிச் சிவந்த இலையாக இருந்தால், அப்புறம் அந்தப் பக்கம் வரவே வேண்டாம்.

அதற்காகத்தான் ஜீப்புக்கு அவள் சம்மதித்தாள். தன் சீட்டுப் பணத்தையும் எடுத்துக் கொடுத்தாள். நிபந்தனையைச் சுருக்கமாகச் சொன்னாள்.

"சேத்துல ஏறோணும். மூட்டை புடிக்கோணும். வேறென்னங்க வேணும் ஒரு வண்டிக்கு?"

அவளைக் கோயம்புத்தூருக்கு அழைத்துக்கொண்டு போயிருந்தால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும். நான் தனியாகப் போனேன்.

பதிவு செய்தபிறகு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார்கள். காத்திருக்கும்போது விலை ஏறினால், ஏறிய விலைதான். ஷோரூமில் டை கட்டிய ஒரு தம்பி எனக்கு வாய்த்திருந்தான். அவன் முகம் மறந்துவிட்டது, குரல் மறக்கவில்லை. கெட்ட செய்தியைப் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் நீட்டுகிற குரல்.

"சார், ஒரு சின்ன அப்டேட் சார்."

சின்ன அப்டேட் என்றால் விலை ஏறிவிட்டது. முதல் தடவை இரும்பு விலை கூடிவிட்டதாம். அடுத்த தடவை ஏதோ கம்ப்யூட்டர் சில்லு கிடைக்கவில்லையாம். அதற்கடுத்த தடவை அவன் காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பழகிவிட்டது. (மறைக்காமல் சொன்னால் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட. "நம்ம வண்டி மறுபடியும் ஏறிருச்சுங்க" என்று ஆபீசில் சொல்லும்போது என் சொத்தே மதிப்பு கூடிய மாதிரி இருக்கும். இன்னும் வாங்காத சொத்து.)

கடைசியில் வண்டி வரப்போகிறது என்று கூப்பிட்டார்கள். போனேன். தம்பி என்னைப் பக்கத்து அறைக்கு அழைத்துப் போனான். அங்கே சுவர் முழுக்க, வண்டியில் மாட்டக்கூடிய சாமான்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். பாத்திரக் கடைக்குள் புதுப்பெண் நுழைந்த மாதிரி ஆகிவிட்டது எனக்கு.

"சார் எந்த ஊர் சார்?"

"மஞ்சூருங்க."

"மலையா சார்? அப்ப உங்களுக்கு இதெல்லாம் கட்டாயம் சார்."

யானைத் தும்பிக்கை மாதிரி கறுப்பாக ஒரு குழாயைக் காட்டினான். அதன் பெயர் ஸ்னார்க்கலாம். வண்டியின் பக்கவாட்டில் மேல்நோக்கி நிற்குமாம். "ஆத்துல எறங்கி, தண்ணி கண்ணாடி வரைக்கும் வந்தாலும் எஞ்சின் இது வழியா மூச்சு விடும் சார்." எங்கள் ஓடையில் ஐப்பசி மழைக்குக்கூட முழங்கால் நனையாது. "போடுங்க" என்றேன்.

கூரைமேல் மாட்டுகிற நீள விளக்கு. போட்டால் கல்யாண மண்டபம் தோற்றுவிடும். போடுங்க. இரும்பு பம்பர், அதில் சிவப்புச் சாயம் பூசிய இரண்டு கொக்கிகள். போடுங்க. பாலாடை நிறத்தில் சீட் உறை. (மண்ணும் மழையும் இலைக்கறையும் தவிர வேறு எதுவும் இல்லாத ஊருக்கு.) போடுங்க. திசைகாட்டி ஒன்று. அதற்குப் பக்கத்திலேயே, வண்டி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று காட்டும் முள் வைத்த ஒரு வட்டம். சாய்ந்தால் உள்ளே இருப்பவனுக்கே தெரியாதா என்று மனதின் ஒரு மூலை கேட்டது. அந்த மூலையை அதட்டி உட்கார வைத்துவிட்டுப் போடுங்க என்றேன்.

தம்பி கம்ப்யூட்டரில் தட்டினான். அவன் தட்டத் தட்ட என் முகம் எப்படி மாறியிருக்கும் என்பது அவனுக்குத்தான் தெரியும். கையிலிருந்த பணம், பி.எஃப். கடன், பூங்கொடியின் சீட்டுப் பணம் எல்லாவற்றையும் தாண்டி எங்கேயோ போய் நின்றது தொகை. இரண்டு மூன்று சாமானைக் கழற்றிவிடலாம் என்று மனிதனாகப் பிறந்தவன் எவனும் சொல்லியிருப்பான். நான் அந்தச் சுவரைப் பார்த்தேன். அதில் எதைப் பிரிவேன்?

"சார், ஒன்னு செய்யலாம்" என்றான் தம்பி, குரலை இறக்கி. "இதே வண்டி டூ வீல் டிரைவ்ல வருது. பின்னாடி ரெண்டு சக்கரத்துக்கு மட்டுந்தான் பவர் போகும். வெளிய பாத்தா ஒரு வித்தியாசமும் தெரியாது. அதுல மிச்சமாகற பணத்துல நீங்க கேட்டது எல்லாமே வந்துரும்."

"நாலு சக்கரத்துக்கும் பவர் இல்லாட்டிச் சேத்துல ஏறுமா?"

"நல்லா ஓட்டறவங்க ஏத்திருவாங்க சார்." சற்று நிறுத்தி என்னைப் பார்த்தான். "சார் எப்படி?"

அந்த "சார் எப்படி"யில் நான் விழுந்தேன். என் வாழ்க்கையில் அதுவரை யாரும் என்னைப் பார்த்து அப்படிக் கேட்டதில்லை.

ஆனால் முழுப் பழியையும் தம்பிமேல் போடுவது நியாயமாகாது. நானும் யோசித்தேன். என் யோசனை இப்படி ஓடியது: விளக்கு வெளியே தெரியும். தும்பிக்கை வெளியே தெரியும். கொக்கி தெரியும், சீட் தெரியும். நாலு சக்கரத்துக்கும் பவர் கொண்டுபோகிற அந்தச் சமாச்சாரம் எங்கே இருக்கிறது? வண்டியின் வயிற்றுக்கு அடியில். அதை யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்? யாரும் பார்க்காத இடத்துக்குப் பணத்தைக் கொட்டுகிறவன் முட்டாள் அல்லவா? அந்த முட்டாள் நானல்ல என்று காட்டும் வேகத்தில் கையெழுத்துப் போட்டேன்.

வருகிற வழியில் மேட்டுப்பாளையத்தில் நிறுத்தி, ஃபோர் பை ஃபோர், அதாவது நாலு சக்கரமும் ஓடும், என்று கொட்டை எழுத்தில் ஒரு ஸ்டிக்கர் வாங்கிப் பின்னால் ஒட்டினேன். அத்தனை சாமான்களிலும் அதுதான் மலிவு.

வீட்டுக்கு வந்ததும் தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, எல்லாம் முறையாக நடந்தது. பூங்கொடி முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். கியருக்குப் பக்கத்தில், நாலு சக்கரத்தையும் சேர்த்துவிடுகிற கட்டை இருக்க வேண்டிய இடத்தில், எங்கள் வண்டியில் ஒரு குழி மட்டும் இருந்தது.

"இது எதுக்குங்க?"

"சாமான் வெச்சுக்க."

அவளுக்குக் கொண்டை ஊசி வளைவில் வயிற்றைப் புரட்டும். அன்றைக்கே ஒரு பை புளிப்பு மிட்டாயை வாங்கி அந்தக் குழியில் கொட்டி வைத்தாள். ரொம்ப வசதியான வண்டி என்று எல்லோரிடமும் சொன்னாள்.

மச்சான் ராசு அப்போதுதான் வந்தார். கழுத்தில் மப்ளர், வாயில் வெற்றிலை. வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"என்னுங்க மாப்ள, வண்டிக்குத் தும்பிக்கையெல்லாம் இருக்குது?"

"ஸ்னார்க்கல்ங்க மச்சான். தண்ணிக்குள்ள முழுகுனா மூச்சு விடறதுக்கு."

"யாரு, வண்டியா, நீங்களா?"

(நான் ஷோரூமில் கேட்க மறந்த கேள்வி.)

"வண்டிதானுங்க."

"அது சரி. வண்டி பொழைச்சுக்கும்." வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "எங்க, அடியில எப்படிப் பண்ணியிருக்கறான்னு பாப்போம்" என்று முழங்காலில் கையை ஊன்றிக் குனியப் போனார்.

"மச்சான், காபி ஆறிரும், வாங்க" என்று தோளைப் பிடித்து நிமிர்த்திவிட்டேன். காபிக்கு அப்போது அடுப்பே பற்ற வைத்திருக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வாரத்தில் அவர் எப்போது வந்து குனிந்தாலும் நான் காபி கொடுத்தேன். எங்கள் வீட்டில் காபித்தூள் அப்படித் தீர்ந்ததே இல்லை.

சோதனை லோடு கொண்டுபோகிற நாள் வந்தது. முந்தின நாள் பெய்த மழை விட்டிருந்தாலும் தடம் குழைந்து கிடந்தது. பூங்கொடியும் மற்ற பெண்களும் விடிந்ததிலிருந்து கிள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவர் மாதியக்கா. பக்கத்துக் காட்டுக்காரர், படகர் இனத்து அம்மா. எதையும் ஒருதடவைதான் சொல்வார், ஆனால் எதிர் மலைக்குக் கேட்கும்படி சொல்வார். மதியத்துக்கு மேல் வலைப்பைகள் நிறைந்தன. வழக்கம்போல அவற்றைத் தலையில் தூக்கப் போனார்கள்.

"யாரும் தலையில தூக்க வேண்டாம்" என்றேன் மேலேயிருந்து. "வண்டி கீழ வருது."

எவ்வளவு நல்ல வசனம். அதோடு நிறுத்தி, ரோட்டிலேயே நின்றிருக்கலாம். அவர்களே சுமந்து வந்து ஏற்றியிருப்பார்கள், நான் தார் ரோட்டில் ராஜா மாதிரி ஃபேக்டரிக்குப் போயிருப்பேன், இன்றைக்கும் என் மரியாதை முழுசாக இருந்திருக்கும்.

இறங்கினேன். வண்டி அருமையாக இறங்கியது. (எந்தப் பொருளும் கீழ்நோக்கி அருமையாகப் போகும் என்பது அப்போது உறைக்கவில்லை.) ஓடை ஓரம் திருப்பி நிறுத்தினேன். பெண்கள் சுற்றி வந்து பார்த்தார்கள். பாலாடை நிறச் சீட்டின்மேல் நான் போர்வை விரிக்கிற வரைக்கும் பொறுமையாக நின்றார்கள். பைகளை அமுக்காமல் அடுக்கி, கூரைமேலும் கட்டினோம். பூங்கொடி முன் சீட்டில் ஏறினாள். மற்றவர்கள் மேட்டு வரப்பில் ஏறி, வண்டி போவதைப் பார்க்க வரிசையாக நின்றார்கள். இதைவிட நல்ல கூட்டம் எனக்குக் கிடைத்திருக்க முடியாது.

முதல் வளைவுவரை ஏறினேன். அங்கே தடம் செங்குத்தாக எழும். வண்டி ஒரு முனகல் முனகியது, அப்புறம் நின்ற இடத்திலேயே நின்று பாட ஆரம்பித்தது. பின்னால் சேறு வாண வேடிக்கை மாதிரிப் பறந்தது. சாய்வு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. திசைகாட்டி வடகிழக்கு என்றது. இரண்டும் அருமையாக வேலை செய்தன.

"நாலையும் போடுங்க" என்றாள் பூங்கொடி நிதானமாக.

"போடறேன்."

"நாலு சக்கரத்தையும் போடச் சொல்லு" என்று வரப்பிலிருந்து யாரோ சொன்னார்கள். இந்த ஊரில் நாலு சக்கரம் போடுவதைப் பற்றித் தெரியாதவர்கள் கிடையாது. பால்குடிக் குழந்தைகூடச் சொல்லும்.

நான் இடது கையை இறக்கினேன். அங்கே கட்டை இருந்திருந்தால் எப்படித் தேடுவேனோ அப்படித் தேடினேன். குழிக்குள் விரலை விட்டுத் துழாவினேன். முகத்தை மட்டும் விமான ஓட்டி மாதிரி வைத்துக்கொண்டேன்.

பூங்கொடி என் கையைப் பார்த்தாள்.

"என்னுங்க தேடறீங்க?"

"கட்டைய."

"அதுல முட்டாய்தானுங்க இருக்குது."

அப்போதுதான் மாதியக்காவின் குரல் வரப்பிலிருந்து வந்தது. வழக்கம்போல எதிர் மலைக்கும் சேர்த்து.

"பூங்கொடி, முன்னால ரெண்டு டயரு சுத்தவே இல்லையே. சும்மாவேதான் நிக்குது."

வயிற்றுக்கு அடியில் இருப்பதை யாரும் குனிந்து பார்க்கமாட்டார்கள் என்று நான் போட்ட கணக்கு சரியானதுதான். யாரும் குனியவில்லை. நின்றபடியே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பின் சக்கரங்கள் சேற்றில் உயிரை விட்டுக்கொண்டிருக்க, முன் சக்கரங்கள் இரண்டும் மாப்பிள்ளை வீட்டார் மாதிரி, சட்டை கசங்காமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன.

பூங்கொடி இறங்கினாள். முன்னால் போய்ப் பார்த்தாள். பின்னால் போய்ப் பார்த்தாள். ஸ்டிக்கரையும் பார்த்தாள். என் ஜன்னலுக்கு வந்தாள்.

"இதுல எத்தனை சக்கரமுங்க ஓடும்?"

"ரெண்டு."

"மிச்சம் ரெண்டு?"

"கூட வரும்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்திருக்கும். பின்பக்கம் போய் ஒரு வலைப்பைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். "சூடாகுது" என்று மட்டும் சொன்னாள். அந்தச் சொல்லைக் கேட்டதும், வரப்பில் அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிறுத்தினார்கள். விடிந்ததிலிருந்து கிள்ளியது அத்தனையும் அந்த வண்டிக்குள் இருந்தது. கேட் சாத்துகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. கூரைமேல் கட்டியதைப் பிரித்து, சேற்றில் தலைச்சுமையாக ரோட்டுக்குக் கொண்டுபோனாலும் அங்கே வண்டி வேண்டும். எங்கள் பக்கம் அந்த வேளையில் நிற்கிற வண்டி ஒன்றுதான். அது யாருடையது என்பது எல்லோருக்கும் தெரியும். யாரை விட்டுவிட்டுப் போவதற்காக இந்தப் பாடெல்லாம் பட்டோமோ, அவருடையது.

பூங்கொடி போனை எடுத்தாள்.

"அண்ணா, தடத்துல மாட்டிக்கிச்சு."

எதிர்முனையில் அவர் பேசுவது எனக்கே கேட்டது. "யாரு, மாப்ளையா?"

"வண்டி."

"அவரு?"

"அவருந்தான்."

பழைய ஜீப் மேலேயிருந்து இறங்கி வந்தது. அதற்கு ஒரு கதவு கிடையாது. கூரைத் தார்ப்பாயில் உரச்சாக்கைத் தைத்து ஒட்டுப் போட்டிருந்தது. எங்கள் வண்டிக்குச் சற்று மேலே நின்றது. மச்சான் இறங்கி வந்தார். என்னைப் பார்க்கவில்லை. நேராகப் பையிடம் போய் ஒரு கை இலையை அள்ளி முகர்ந்தார்.

"நெம்ப நல்லாக் கிள்ளியிருக்கறீங்க அம்மிணி. எனக்கு ஒருநாளும் இப்படிக் குடுத்ததில்லையே."

"நீங்க ஒருநாளும் இப்படி விலை குடுத்ததில்லையேண்ணா."

மாதியக்கா தொண்டையைச் செருமினார். இந்த லோடு எங்கே போகிறது என்று மச்சானுக்குத் தெரியும். மஞ்சூரில் ஒருவர் தும்மினால் அடுத்த வளைவில் மருந்து சொல்வார்கள், இது தெரியாமலா இருக்கும்? இலை போய்ச் சேர்ந்தால் அவர் தராசுக்கு வேலையில்லை. கையிலிருந்த இலையை மறுபடி பைக்குள் போட்டார், ஒன்றுகூடச் சிந்தாமல்.

"என்ற தங்கச்சி கிள்ளுன இலை சேத்துல கெடந்து வெந்துச்சுன்னு நாளைக்கு ஊர்ல பேச்சு வரக் கூடாது" என்றார். அப்புறம்தான் என் பக்கம் திரும்பினார். முகத்தில் அந்தச் சிரிப்பு மெதுவாகப் பரவியதை இப்போதும் பார்க்கிறேன்.

"ஆனா ஒன்னு அம்மிணி. மாப்ளயக் கயிறு கட்டி இழுத்துப் போட்டுட்டுப் போனா கேட்டுச் சாத்திருவாங்க. இலைய ஏத்திட்டுப் போனா, மாப்ள இங்கியேதான் இருக்கோணும். ரெண்டுல ஒன்னுதான் ஆகும். நீயே சொல்லிப்போடு. இலையா, மாப்ளையா?"

இவளுக்காக நான் ஊட்டிக் குளிரில் பஸ் ஸ்டாண்டில் மணிக்கணக்காக நின்றவன். குழந்தை பிறந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் தூங்கினவன். ஒரு பெருமூச்சாவது விடுவாள், ஒரு நிமிஷமாவது என்னைப் பார்ப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"இலை" என்றாள்.

பைகள் கைமாறி மேலே போயின. பெண்கள் எல்லோரும் அந்த ஒரு கதவு இல்லாத ஜீப்பில் ஏறிக்கொண்டார்கள். மச்சான் கட்டையைப் பிடித்து ஒரு தள்ளு தள்ளினார். நாலு சக்கரமும் சேற்றைக் கடித்துக்கொண்டு, எந்த அலட்டலும் இல்லாமல் ஏறிப் போய்விட்டன. போகும்போது பூங்கொடி எட்டிப் பார்த்து, "பசிச்சா குழியில முட்டாய் இருக்குதுங்க" என்றாள்.

மூடுபனி இறங்கியது. செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் கூரை விளக்கைப் போட்டேன். வெளிச்சம் பனியில் பட்டு அப்படியே திரும்பி என் கண்ணுக்குள் வந்தது. அணைத்தேன். கண் தெளிந்தபோது, வண்டிக்குப் பக்கத்தில் ஒரு காட்டெருமை நின்றுகொண்டிருந்தது.

எங்கள் ஊரில் காட்டெருமை புதிதில்லை. ரேஷன் கடைவரைக்கும் வரும். ஆனால் இவ்வளவு பக்கத்தில், கண்ணாடி வழியாக நான் பார்த்ததில்லை. அது வண்டியை நிதானமாக முகர்ந்தது. சேறு தெளித்த கதவு, இரும்பு பம்பர், சிவப்புக் கொக்கி, எதுவும் அதற்குப் பிடிக்கவில்லை. தும்பிக்கை பிடித்துவிட்டது. கழுத்தை அதில் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தது. கண்ணை மூடிக்கொண்டு, அவ்வளவு சுகமாக. வண்டியே தொட்டில் மாதிரி ஆடியது. சாய்வு முள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய் வந்தது. நான் மூச்சு விடவில்லை. கடைசியில் தும்பிக்கை மளுக்கென்று ஒடிந்து கீழே விழுந்தது. எருமை அதைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, காட்டுக்குள் போய்விட்டது. நான் வாங்கிய சாமான்களில் ஒரு ஜீவனுக்காவது முழுசாகப் பயன்பட்டது அந்தக் குழாய்தான்.

பத்திரமாக இருக்கிறோம் என்று தெரிந்ததும் ஒரு மிட்டாய் சாப்பிட்டேன். அப்புறம் இன்னொன்று.

வெளிச்சம் மங்குவதற்குள் பழைய ஜீப்பின் சத்தம் கேட்டது. பூங்கொடி இறங்கி வந்த நடையிலேயே தெரிந்துவிட்டது. இருந்தாலும் கேட்டேன்.

"எடுத்துக்கிட்டாங்களா?"

"இனிமே இதே மாதிரி கொண்டாரச் சொல்லிட்டாங்க." இத்தனைக்கும் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு நிற்காமல் வழிந்தது. "அண்ணன்தானுங்க பேசுனாரு. 'என்ற தங்கச்சி கை பட்ட இலை, எங்க வேணா கொட்டிப் பாருங்க'ன்னு. ஏதோ அவருதான் செடி வெச்ச மாதிரி."

மச்சான் கயிற்றோடு வந்தார். பம்பரில் இருந்த சிவப்புக் கொக்கியில் முடிச்சுப் போட்டு, சரிதானா என்று ஓர் இழுப்பு இழுத்தார். கொக்கி கையோடு வந்துவிட்டது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது என்னுங்க மாப்ள?"

"அழகுக்குங்க."

"அப்படிங்களா" என்று அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கயிறு கட்ட வேறு இடம் தேடிக் கடைசியில் குனிந்தார். இந்தத் தடவை கொடுப்பதற்கு என்னிடம் காபி இல்லை.

குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது. நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர்.

"அதானா, நான் குனியறப்பல்லாம் காபி குடுத்தீங்க" என்றார்.

அதற்குப் பிறகு எல்லாம் நல்லபடியாகவே நடந்தது, என் மானத்தைத் தவிர. இலை நேராக ஃபேக்டரிக்குப் போகிறது. கொண்டுபோவது மச்சானின் பழைய ஜீப்தான். பூங்கொடியும் மற்றவர்களும் அவருக்கு வாடகை பேசி வைத்துக்கொண்டார்கள். ஈரக் கழிவும் இல்லை, பைக் கழிவும் இல்லை. "கழிக்கறதுக்கு இனி மாப்ள மட்டுந்தான் மிச்சம்" என்பார். என் வண்டி ஊட்டிக்குப் போகும், கல்யாணம் காட்சிக்குப் போகும். தார் ரோட்டில் அதைப்போல ஒரு வண்டி கிடையாது. ஆபீஸ் நாயும் வாலாட்டியது. ஆனால் ஒரே வாரத்தில் அதற்கும் யாரோ சொல்லியிருக்க வேண்டும், மறுபடி குரைக்க ஆரம்பித்தது.

வீட்டு விசேஷத்தில் வண்டியில் இடம் போதாவிட்டால், சீர்த்தட்டை ஏற்றுவதா ஆளை ஏற்றுவதா என்று பேச்சு வந்தால், யாராவது ஒருவர் "இலையா, மாப்ளையா?" என்பார். உடனே நான் இறங்கி நடக்க ஆரம்பித்துவிடுவேன். கொண்டை ஊசி வளைவு வந்தால் பின் சீட்டிலிருந்து என் மகள், "அப்பா, நாலையும் போடுங்க" என்பாள். குழியிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்துப் பின்னால் நீட்டுவேன். ஸ்டிக்கரைக் கிழிக்கப் போனேன், பூங்கொடி விடவில்லை. இருக்கட்டும், வருகிறவர்களுக்குக் கதை சொல்ல வசதி என்றாள்.

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து போன் வந்தது. வேறு ஒரு தம்பி, அதே குரல். புது மாடல் வந்திருக்கிறதாம். பழையதைக் கொடுத்துவிட்டு மாற்றிக்கொள்ளலாமாம். சீக்கிரம் முடிவு சொல்ல வேண்டுமாம், அடுத்த மாதம் விலை ஏறப் போகிறது. விலை ஏறப் போகிறது என்று கேட்டதும் என்னை அறியாமல் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். நான் எழுந்து நிற்பதைப் பார்த்த பூங்கொடி, கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"தம்பி, கியருக்குப் பக்கத்துல ஒரு குழி இருக்குமே, முட்டாய் போட்டு வைக்க. புது வண்டில அது இருக்குதுங்களா?"

"இல்லீங்க மேடம்" என்றான் தம்பி உற்சாகமாக. "இப்ப எல்லா வண்டியுமே ஃபோர் வீல் டிரைவ்தான். அந்த எடத்துல அதோட லீவர் வந்துரும்."

"அப்படின்னா வேண்டாமுங்க" என்றாள் பூங்கொடி. "எங்கூட்டுக்காரரு தடுமாறுனா கைய விட்டுத் தேட ஒரு எடம் வேணுங்க."